கழுத்து வாட்டுற ஆர்டன்

ஆர்டன் ஷ்டால் செத்துப்போகல. அதை முதல்லயே சொல்லிடுறேன். இந்த மாதிரி ஒரு ஆளைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, கேக்குறவங்க தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிறாங்க. போட்டுக்குங்க. அவன் பில்லிங்ஸ் டவுன்ல ஒரு முதியோர் இல்லத்து மூணாவது மாடியில உக்காந்துக்கிட்டு, காலையில குடுக்கிற ஓட்ஸ் கஞ்சியில உப்பே இல்லைன்னு குறை சொல்லிக்கிட்டு இருக்கான்.

என்னைவிடச் சின்னவன், அதனால அவன் இவன்னுதான் சொல்வேன். என் வீட்டுக்காரர் ராய் இருந்தப்பவும் அப்படித்தான், அவரு போனப்புறமும் அப்படித்தான். எங்க வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவுல பெரிய கோதுமை வயல் ஒண்ணும் ஓடை ஒண்ணும் கிடக்கு. எங்க மொன்டானாவில அதுக்குப் பேரு பக்கத்து வீடு.

கவுண்டி நிர்வாகத்துக்கு ரோடு சீவுற கிரேடர் வண்டி ஓட்டினான், அதுதான் அவன் பொழப்பு. கோடையில சரளையைச் சீவி மட்டம் பண்ணுவான், குளிர் வந்தா பனியைத் தள்ளுவான். ஆயுசுல பாதியை அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒத்தையா உக்காந்தே கழிச்சவன். எதிர்ல வண்டி வந்தா ஸ்டியரிங்குல இருந்து ஒரு விரலைத் தூக்குவான். அவன் அகராதியில அது நலம் விசாரிப்பு. அவனா வாயைத் திறந்து நதீனைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டிருப்பான்னு எனக்கு இன்னைக்கும் நம்பிக்கை இல்ல. அவதான் கேட்டிருப்பா.

அந்த நதீன் ஒரு வசந்த காலத்துல, ஸ்போகேன்ல இருக்கிற அக்காவைப் பாத்துட்டு வர்றேன்னு போனா. சண்டை கிண்டை ஒண்ணும் கிடையாது. போனவ வரல. வர மாட்டேன்னும் சொல்லல, அவ்வளவுதான். இவனும் வான்னு கூப்பிடல.

"ஏய்யா, போய்க் கூட்டிட்டு வர வேண்டியதுதானே?"ன்னு நான் மூஞ்சிக்கு நேரா கேட்டேன்.

"வழி அவளுக்குத் தெரியும்"னான்.

இப்படி ஒரு ஆம்பளையை வச்சுக்கிட்டு யாரு என்ன பண்ண முடியும்? அவ அங்கேயே இருந்து அங்கேயே செத்தா. இவன் அடக்கத்துக்குப் போயிட்டு வந்து மறுநாளே கிரேடர்ல ஏறிட்டான். ஒரே மக ரோண்டா. பில்லிங்ஸ்ல ஒரு பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறா. அப்பா மேல பாசம் உண்டு, பொறுமைதான் கிடையாது. போன் பண்ணா கேள்வியா கேப்பா, இவன் "ம்" போடுவான், அவ கோவிச்சுக்கிட்டு வச்சிடுவா.

வேலையில இருந்து ஓய்வு குடுத்து அனுப்பினப்புறம் அவன் வீட்டுக்குப் போற ரோட்டுல வண்டித் தடமே இல்லாமப் போயிருக்கும். போகாம காப்பாத்தினது காபி டப்பாதான்.

அதைக் கொஞ்சம் சொல்லணும். எங்க பக்கத்துல துப்பாக்கித் தோட்டாவை ஒரு தடவை சுட்டுட்டுத் தூக்கிப் போடுறவன் ஊதாரி. குண்டு பறந்துபோகும், வெடிமருந்து எரிஞ்சுபோகும், பித்தளைக் கூடு கையில நிக்கும். அந்தக் கூட்டைத் திரும்ப அளவுக்குப் பிழிஞ்சு, அடியில தட்டினா தீப்பொறி விடுற பொட்டு ஒண்ணைப் புதுசா வச்சு, மருந்து கொட்டி, கூட்டு வாயில ஒரு குண்டைச் சொருகினா மறுபடியும் தோட்டா. குளிர்காலம் பூரா கேரேஜுக்குள்ள ஆம்பளைங்க இதைத்தான் செய்வாங்க. பொண்டாட்டிகிட்ட இருந்து தப்பிக்க அதைவிட மரியாதையான வழி இல்ல. ராயும் செஞ்சவருதான். கதவுக்கு வெளிய நின்னு நான் கத்துறது அந்த மெஷின் சத்தத்துல கேக்கலைன்னு சாதிப்பாரு.

ஆனா பித்தளை லேசுப்பட்டதில்ல. சுடச் சுட, பிழியப் பிழிய, இறுகிக்கிட்டே போகும். கம்பியை அப்படியும் இப்படியும் வளைச்சா ஒரு கட்டத்துல பட்டுன்னு ஒடியும் பாருங்க, அந்த மாதிரிதான். கூட்டோட கழுத்துல கீறல் விழுந்திடும். விழாம இருக்கணும்னா நாலஞ்சு தடவை சுட்டப்புறம் கழுத்தை நெருப்புல காட்டி வாட்டணும், அப்பத்தான் திரும்ப இளகும். அதுவும் கழுத்தையும் அதுக்குக் கீழ சரியுற தோளையும் மட்டும். அடிப்பக்கம் சூடு ஏறவே கூடாது. வெடிக்கிற வெடியைத் தாங்கிப் பிடிக்கிறது அந்த அடிதான். அது இளகிப்போனா, சுடுறவங்க கன்னத்தைச் சாச்சு வச்சிருக்கிற இடத்துல பின்னாடி பிச்சுக்கிட்டு வரும்.

பிழியவும் மருந்து கொட்டவும் எல்லாருக்கும் வரும். வாட்டுறதுக்கு மட்டும் ஆர்டன். பட்டப்பகல்லயே ஷெட்டு ஜன்னல்ல தீவனச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிடுவான். டிரில் முனையில கூட்டை நிக்க வச்சு, மெதுவா சுத்தவிட்டு, கழுத்துல கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுவான். சிவக்கிற வரைக்கும்னு ஊர்ல சொல்வாங்க. சிவந்தா நேரம் தாண்டிப்போச்சுன்னு அர்த்தம். கறுப்பு கலைஞ்சு, சிவப்பு இன்னும் வராத ஒரு நொடி இருக்கு. அதுல டக்குன்னு தட்டிவிட்டு, கீழ இருக்கிற தண்ணிச் சட்டியில விழவைக்கணும். ராய் ஒரு தடவை தானா செஞ்சு பாத்து, ஒரு டப்பாக் கூட்டைக் கெடுத்துட்டு, மறுநாள் அடுத்த டப்பாவை எடுத்துக்கிட்டு இவன்கிட்டதான் போனாரு.

இதுக்கு இவன் காசு வாங்கினதில்ல. கூட்டைக் காபி டப்பாவுல போட்டு, மேல பிளாஸ்டர் ஒட்டிப் பேரு எழுதி, ஷெட்டு வாசல்ல கிடக்கிற பெஞ்சுல வச்சுட்டுப் போவாங்க. திரும்ப எடுக்க வர்றப்ப மான் கறி சாசேஜோ, முட்டையோ, சோக்செர்ரிப் பழ ஜெல்லியோ கொண்டுவருவாங்க. வண்டி என்ஜினை அணைக்காம, ஜன்னல்ல முழங்கையை வச்சுக்கிட்டு,

"என்ன ஆர்டன்?"

"ஒண்ணுமில்ல."

"மழை வருமா?"

"வந்தா வரும்."

அப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மலையைப் பாப்பாங்க. அது எங்கயும் ஓடப்போறதில்ல, ஆனாலும் பாப்பாங்க. அவ்வளவுதான் பேச்சு. அன்னைக்குச் சாயங்காலம் இவன் நடையில ஒரு தெம்பு தெரியும். என் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்தே தெரியும்.

போன அக்டோபர்ல, சனிக்கிழமை மான் சீசன் திறக்கப்போற வாரத்துல, என் கண்ணாடிப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிட்டு வரப் போனேன். கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவச்சு குடுத்துவிட்டது. பாத்திரத்தைத் திருப்பித் தர்ற பழக்கம் அவன் வம்சத்துலயே கிடையாது. வீட்டுல ஆளில்ல. ஷெட்டுக்குள்ள டார்ச் சீறுற சத்தம் கேட்டுச்சு. கதவைத் தள்ளினேன்.

"மூடு கதவை! வெளிச்சம் வருது!"

"ஏன், வெளிச்சம் உன்னைக் கடிக்குதா?"ன்னுட்டு உள்ள போய் மூடினேன். கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிச்சு. கூடு சுத்துது, நெருப்பு சீறுது. இவன் கோழி மாதிரி தலையை ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு, கூட்டைப் பாக்காம அதுக்குப் பக்கத்துல இருக்கிற சுவரைப் பாக்குற மாதிரி நிக்கிறான். கூட்டுக் கழுத்துல கறுப்பு கலைஞ்சுச்சு. தட்டுவான்னு பாத்தேன். தட்டல. சிவந்துச்சு. தட்டல. சிவப்பு தோளைத் தாண்டி இறங்கி, கழுத்து ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆயிடுச்சு. இவன் இன்னும் தலையைச் சாச்சுக்கிட்டே நிக்கிறான்.

"யோவ்! தட்டுய்யா!"

தூக்கிவாரிப் போட்டுத் தட்டினான். தண்ணி சுர்ருன்னுச்சு.

"எதுக்குக் கத்துறே? இப்பத்தானே நிறம் வந்துச்சு."

"இப்பத்தானா? அது வந்து, காபி குடிச்சு, கிளம்பற நேரம் ஆயிடுச்சுய்யா."

அவன் டார்ச்சை அணைச்சான். நான் சட்டிக்குள்ள கையைவிட்டு ரெண்டு மூணு கூட்டை அள்ளிக்கிட்டு வெளிய வெளிச்சத்துக்கு வந்தேன். சரியா வாட்டின கூட்டுல தோளுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் நீலம் பாஞ்ச மாதிரி ஒரு கறை இருக்கும், அங்கேயே கோடு போட்ட மாதிரி நின்னுடும். இதுல கறை அடி விளிம்பு வரைக்கும் ஓடிப்போய்க் கிடக்கு. படிக்காதவதான் நான், ஆனா முப்பது குளிர்காலம் ராய் இதைச் சாப்பாட்டு மேசையில பரப்பி வச்சிருக்காரு. எனக்கும் தெரியும்.

அவன் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னான்.

"எவ்வளவு தூரம் இறங்கியிருக்கு?"ன்னு கேட்டான்.

கூட்டை அவன் கண்ணுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கேன். அதைப் பாத்துக்கிட்டேதான் கேக்குறான்.

"உனக்குத் தெரியலையா?"

"ஓரம் தெரியுது. நடுவுலதான் இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்ல. அழிரப்பர் வச்சு அழிச்ச மாதிரி. உன் பூட்ஸ் தெரியுது. தலைக்கு மேல மரம் தெரியுது. மூஞ்சி தெரியல. அதுல பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல"ன்னான்.

"உன் மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியுது. அதுதான் நஷ்டம்"னேன். ரெண்டு பேரும் சிரிக்கல.

எப்ப இருந்துன்னு கேட்டேன். கோடையில, ஜூலையில இருந்தாம். டாக்டர்கிட்ட போனியான்னேன். போனா ரோண்டாவுக்குத் தெரிஞ்சிடுமாம். தெரிஞ்சா வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கிட்டு, சாமான் கட்ட அட்டைப்பெட்டியோட வந்து நிப்பாளாம். பெஞ்சைப் பாத்தேன். யாரோ வச்ச ரெண்டு டப்பா இன்னும் தொடாமக் கிடந்துச்சு.

"இதுவரைக்கும் யாரோடதெல்லாம் வாட்டிக் குடுத்தே?"

தொப்பியைக் கழட்டி உள்பக்கத்தைத் தடவினான். மத்தவங்களோடதெல்லாம் ஜூன்லயே போயிடுச்சாம், அப்ப கண்ணு நல்லாத்தான் இருந்துச்சாம். கோடைக்கு அப்புறம் வாட்டிக் குடுத்தது ஒரே ஒரு டப்பா. டாராவோடது. போன வாரம் எடுத்துட்டுப் போயிட்டா.

டாரா மேட்டுக்கு அந்தப் பக்கம் மாடு வளக்குற பொண்ணு. அவ அப்பன் நீல்ஸ் செத்து ரெண்டு வருஷம் ஆகுது. அவன் விட்டுட்டுப் போன துப்பாக்கியிலதான் சுடுவா. அந்த அளவுத் தோட்டா எந்தக் கடையிலயும் கிடைக்காது. நீல்ஸ் சேத்து வச்ச கூடுகதான் அவகிட்ட இருக்கிறது.

"அதை மெஷின்ல போட்டு உருட்டித்தான் குடுத்தியா?"

"எப்பவும் போலத்தான்."

வால்நட் ஓட்டுத் தூளுல போட்டு உருட்டினா கறையெல்லாம் போயிடும். புதுத் தங்கம் மாதிரி மினுங்கும். எது கெட்டது, எது நல்லதுன்னு அவ பாத்தாலும் தெரியாது, எவன் பாத்தாலும் தெரியாது. சனிக்கிழமை காலையில அதுல ஒண்ணைப் போட்டு, கன்னத்தைச் சாச்சு, விசையை அமுக்குவா.

"கிளம்பு. இப்பவே போய்ச் சொல்லணும்"னேன்.

"எல்லாமும் கெட்டிருக்காது. மொதல்ல வாட்டினது நல்லாத்தான் இருக்கும்."

"எந்த மொதல்? உனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே."

"டார்ச்சு கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லிக்கோ. அடுத்த டப்பாவை அடுத்தவன் கொண்டுவந்து வைப்பான். அதையும் சுவரைப் பாத்துக்கிட்டே வாட்டு."

அதுக்கு அவன், "அப்புறம் யாரும் வைக்க மாட்டாங்க ஆல்டா"ன்னான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு.

கஷ்டமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் நான் குழைஞ்சு பேசுற ஜாதி இல்ல. "உன் வாயில இருந்து வரணும், அதனால வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருப்பேன். அதுக்குள்ள நீ போகலைன்னா நான் போவேன். நான் சொன்னா அலங்காரம் பண்ணிச் சொல்ல மாட்டேன்"னேன். பாத்திரத்தை எடுக்காமலேயே வந்துட்டேன்.

மறுநாள் பூரா ராயோட பைனாகுலரை வச்சுக்கிட்டு ஜன்னல்லயே நின்னேன். அவன் வண்டி நின்ன இடத்துலயே நின்னுச்சு. புகைபோக்கியில புகை வருது, அதனால உசுரோட இருக்கான். ஒரு தடவை ஷெட்டு வரைக்கும் வந்தான். பெஞ்சுல உக்காந்தான். அந்த ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி ரொம்ப நேரம் உக்காந்திருந்தான். அப்புறம் எழுந்து உள்ள போயிட்டான்.

வெள்ளிக்கிழமை நான் கோட்டை எடுத்து மாட்டுறப்ப வாசல்ல வண்டிச் சத்தம். ஆர்டன். ரோட்டோட ரெண்டு ஓரமும் தெரியுது, நடுவுல போனா சரிதானேன்னு வந்திருக்கான், படுபாவி. சவரம் பண்ணியிருந்தான். தாடையில ஒரு பக்கம் மயிர் அப்படியே நின்னுச்சு. சொல்லலாமான்னு நினைச்சேன், சொல்லல.

"நீ ஓட்டு"ன்னு இறங்கி அந்தப் பக்கம் போய் உக்காந்தான். மடியில குறடு.

டாரா முத்தத்துல மாட்டுக்குத் தண்ணித்தொட்டி கழுவிக்கிட்டு இருந்தா. எங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில பாத்ததும், "என்ன இது, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தீங்களா?"ன்னு சிரிச்சா. நல்ல பொண்ணு. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இவன் இறங்கினான். வண்டிக் கதவைப் பிடிச்சுக்கிட்டே சொன்னான்: "உன் கூட்டையெல்லாம் நான் கெடுத்துட்டேன். கண்ணு தெரியாமத்தான் வாட்டினேன். அடி வரைக்கும் சூடு ஏறியிருக்கு. சுட்டுடாதே."

இவ்வளவு நீளமா அவன் பேசி நான் கேட்டதே இல்ல.

டாராவுக்குச் சட்டுன்னு புரியல. புரிஞ்சப்ப மொகம் மாறிச்சு. "கண்ணு தெரியலைன்னா? எப்ப இருந்து?"

"கோடையில இருந்து."

"நான் டப்பாவைக் கொண்டுவந்தது அதுக்கப்புறம்தானே?"

"ஆமா."

"அப்பவே தெரியும் உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாங்கினீங்க ஆர்டன்? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

அவன் அவ குரல் வந்த பக்கம் பாத்தான். கோழி மாதிரி தலையைச் சாச்சு, அவ ஓரத்தையாவது பிடிக்கப் பாத்தான்.

"முடியாதுன்னு சொன்னா நீ எதுக்கு வரப்போறே?"ன்னான்.

தொட்டியில குழாய்த் தண்ணி நிறைஞ்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. யாரும் அடைக்கல.

விஷயம் அதோட முடியல. டாரா ரெண்டு நாள் முன்னாடியே உக்காந்து மருந்து கொட்டி, குண்டு சொருகி, எல்லாத்தையும் தோட்டாவாக்கி வச்சிருக்கா. அது மட்டுமில்ல. நீல்ஸ் சாகுறதுக்கு முன்னாடி தன் கையால நிரப்பி வச்சது கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. எல்லாம் ஒரே மினுக்குதான்னு, பெட்டி பத்தாம எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து அடுக்கிட்டா. பெட்டியைக் கொண்டுவந்து மேசையில வச்சா.

"எங்கப்பா செஞ்சதை மட்டும் பிரிச்சு எடுக்க முடியுமா?" மெதுவாத்தான் கேட்டா.

ஆர்டன் ஒவ்வொண்ணா எடுத்து விரலால உருட்டினான். அடியை நகத்தால தடவினான். நாக்குல கூட வச்சுப் பாத்தான். நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், விரலு கண்டுபிடிச்சிடும்னு. கதையில அப்படித்தான் நடக்கும். விரலு ஒண்ணும் கண்டுபிடிக்கல.

"தெரியல. எல்லாத்தையும் உடைக்கணும்"னான்.

டாரா ஒரு நிமிஷம் பெட்டி மேல கையை வச்சிருந்தா. அப்புறம் தள்ளிவிட்டா.

சுத்தியல் மாதிரி ஒரு சாமான் இருக்கு. அதுக்குள்ள தோட்டாவைச் சொருகி, மரக்கட்டையில ஓங்கி அடிச்சா குண்டு கழண்டு வெளிய வரும். டாரா அடிச்சா. நான் மருந்தைக் கிண்ணத்துல கொட்டினேன். ஆர்டன் காலிக் கூட்டை வாங்கி, குறட்டால கழுத்தை நசுக்கி, எண்ணெய் ஊத்தின டப்பாவுல போட்டான், பொட்டு செத்துப்போகட்டும்னு. எங்க பக்கத்துல கெட்ட கூட்டை அப்படி நசுக்காமத் தூக்கிப் போட மாட்டாங்க. எவனாவது பொறுக்கி எடுத்து நிரப்பிடுவான். நசுக்குறதுக்குக் கண்ணு தேவையில்ல. அதை மட்டும் அவன் பிசகாமச் செஞ்சான். அடி, கொட்டு, நசுக்கு. பாதியில டாரா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. மருந்து வாடை கண்ணைக் கரிக்குதுன்னா. மருந்து வாடை கண்ணைக் கரிக்காது.

கிளம்பறப்ப, "சனிக்கிழமை என்ன பண்ணுவே?"ன்னு இவன் கேட்டான்.

"புருஷனோட துப்பாக்கி இருக்கு"ன்னா.

"அது உதைக்குமே."

"உதைக்கட்டும்"னுட்டு உள்ள போயிட்டா.

டாரா யாருகிட்டயும் சொன்னாளான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லல. ஆனா திங்கட்கிழமை கோ-ஆப் கடையில தீவனம் வாங்கப் போனப்ப, நான் நுழைஞ்சதும் பேச்சு மாறிச்சு. எவனும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. "பாவம், ஆர்டன்"னாங்க. எங்க ஊர்ல பாவம்னு சொல்லிட்டா அந்த ஆளு கணக்குல இருந்து போயிட்டான்னு அர்த்தம். அந்த வாரமே பெஞ்சுல இருந்த ரெண்டு டப்பாவும் காணாமப் போச்சு. இவன் வீட்டுக்குள்ள இருந்திருக்கான், வண்டி வந்து நிக்கிற சத்தம் கேட்டு எழுந்து, தலையைச் சீவிக்கிட்டு வெளிய வந்திருக்கான். அதுக்குள்ள வண்டி போயிடுச்சு. கதவைத் தட்டக்கூட இல்ல. மூஞ்சி பாக்கச் சங்கடம். அவன்தான் அவங்க மூஞ்சியைப் பாக்க முடியாதே, அது கூட அவனுங்களுக்குத் தோணல.

"யாரு வண்டி?"ன்னு என்னைக் கேட்டான்.

"நான் பாக்கல"ன்னேன். பாத்தேன்.

டாரா ஒரு தடவை வந்தா. சீசன் முடியறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்ஜினை அணைச்சுட்டு, இறங்கி, வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்தாளாம். வீட்டுக்குள்ள இதுக்கு முன்னாடி அவ வந்ததே கிடையாது. காபி போட்டானாம், கோப்பையில பாதி, மேசையில பாதி. துப்பாக்கி உதைச்சுத் தோள் நீலமாக் கிடக்குன்னாளாம். மான் அடிச்சியான்னு கேட்டிருக்கான். தப்பிச்சிடுச்சுன்னாளாம். அப்புறம் கோப்பையைக் கழுவி வச்சுட்டுக் கிளம்பிட்டாளாம்.

"எதுக்கு வந்தா?"ன்னு கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல. ஒண்ணும் கொண்டுவரல, ஒண்ணும் எடுத்துட்டுப் போகல. சும்மா வந்தா." சொல்லிட்டு அதையே நினைச்சுக்கிட்டு இருந்தான். யாரோ மொத மொதலா ஒரு தெரியாத பாஷையில அவன்கிட்ட பேசின மாதிரி.

அப்புறம் அவளும் வரல. குறை சொல்ல மாட்டேன். அவளுக்கும் மாடு, கன்னு, புருஷன்னு ஆயிரம் இருக்கு.

ரோண்டாவுக்கு அவனே போன் பண்ணிச் சொல்லிட்டான். அதுதான் எனக்கு ஆச்சரியம். டாராகிட்ட சொல்லிட்டப்புறம் யாருகிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சானோ என்னவோ. மொதப் பனி விழுந்த வாரம் அவ அட்டைப்பெட்டியோட வந்தா. சாவியை வாங்கிப் பையில போட்டுக்கிட்டா. இவன் ஒரு தடவை, "நான் இங்கேயே இருந்துக்கிறேனே"ன்னான்.

"யாருப்பா வந்து பாப்பாங்க உங்களை?"

ரெண்டு பேரும் என்னைப் பாக்கல. ஆனா நான் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன், கையில என் கண்ணாடிப் பாத்திரத்தோட. நான் பாத்துக்கிறேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. எனக்கு எண்பது தாண்டிடுச்சு. பனி கொட்டுற நாள்ல என் சொந்தக் கோழிக்கூண்டுக்குப் போறதுக்கே கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறவ நான். இன்னைக்குச் சொல்லிட்டு ஜனவரியில என்னை எதிர்பாத்து அவனை அந்தக் கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க வைக்கிறதா? வாயை மூடிக்கிட்டேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்றான். அங்க நடையில சோபா போட்டிருக்காம், எப்பவும் ஆளுங்க இருப்பாங்களாம்.

"பேசுறாங்களா உன்கிட்ட?"

"ஒருத்தன் இருக்கான். நிறுத்தவே மாட்டேங்கிறான். நெப்ராஸ்காவுல பன்னி வளத்தானாம்."

"நல்லதுதானே?"

"தெரியல. இன்னும் முடிக்கல அவன்."

அப்புறம் அவனுக்கும் சொல்ல ஒண்ணும் இருக்காது, எனக்கும் இருக்காது. பன்னிக்காரன் பேசுறது தூரத்துல கேக்கும். வைக்கிறேன்னு அவன் சொல்ல மாட்டான், வைன்னு நானும் சொல்ல மாட்டேன். போன வாரமும் அப்படித்தான் ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டே நின்னோம். அடுப்புல உருளைக்கிழங்கு அடிபிடிக்கிற வாடை வந்துச்சு, அதனால நான்தான் வச்சேன்.